1969 கமாரோ: பாடி கம்பெனி தகடா, மாற்றிய தகடா? அறிகுறி வாரியாகக் கண்டுபிடிக்கும் வழி

நல்ல பட்டியும் நல்ல பெயின்டும் எந்தத் தகட்டையும் கம்பெனி தகடு மாதிரி காட்டிவிடும். அதனால் பழைய கமாரோவின் பாடியைச் சோதிக்கும்போது தகட்டின் முகத்தைவிட, தகடும் தகடும் சேரும் இடத்தில்தான் கண் போக வேண்டும். வெல்டிங் புள்ளி, சீலர், போல்ட் தலை, ரிவெட் இந்த நான்கையும் ஏமாற்றுவது பெயின்ட் அடிப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 1969 செவ்ரலே கமாரோ. மொத்தம் 2,43,085 வண்டிகள். ஒஹாயோவின் நார்வுட் ஆலையில் 2,11,922, கலிஃபோர்னியாவின் வேன் நைஸ் ஆலையில் 31,163. இன்று இதன் தகடுகள் ஏறக்குறைய எல்லாமே புதிதாகக் கிடைக்கின்றன. டைனகார்ன் நிறுவனம் முழு பாடியையே புதிதாக அச்சடித்து விற்கிறது. அதனால்தான் இந்த வண்டியில் சந்தேகமும் அதிகம்.

முதலில் எது எதோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். முன் ஃபெண்டர்கள், பானெட், முன் ஹெடர் பேனல், ரேடியேட்டர் சப்போர்ட் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. கதவும் டிக்கி மூடியும் கீலில் தொங்குபவை. குவார்ட்டர் பேனல் (பின் சக்கரத்தைச் சுற்றிய பக்கவாட்டுத் தகடு), கூரை, ராக்கர் (கதவுக்கு அடியில் ஓடும் தகடு), டெயில் பேனல், கௌல் (முன் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் தகடு), ஃபயர்வால் (இன்ஜின் அறைக்கும் உள் அறைக்கும் நடுச்சுவர்), தரை, டிக்கித் தரை ஆகியவை வெல்டு செய்தவை. போல்ட்டில் நிற்பதை மாற்றியிருந்தால் விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். குவார்ட்டர் மாற்றியிருந்தால் நன்றாகவே குறையும். கௌலிலும் ஃபயர்வாலிலும் கை வைத்திருந்தால் அது எந்த வண்டி என்பதே கேள்வியாகிவிடும்.

கையில் வேண்டியவை: மைக்ரானில் காட்டும் பெயின்ட் தடிமன் மீட்டர், ஃப்ரிட்ஜில் ஒட்டும் மெல்லிய வளையும் காந்தம் ஒன்று, டார்ச், கைப்பிடி உள்ள சின்னக் கண்ணாடி, 6 மில்லிமீட்டருக்குள் அடங்கும் எண்டோஸ்கோப் கேமரா, ஸ்க்ரூடிரைவர். பலமான காந்தம் எடுத்துப் போகாதீர்கள். அது 2 மில்லிமீட்டர் பட்டிக்கு மேலும் ஒட்டிக்கொண்டு உங்களைத் திருப்திப்படுத்தி அனுப்பிவிடும்.

அறிகுறி: பின் கண்ணாடி ஓரத்துத் தூணில் மீட்டர் திடீரென்று எகிறுகிறது

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் காலத்தில் அடித்தது அக்ரிலிக் லாக்கர் என்ற பெயின்ட். கை படாத பெயின்ட் பெரும்பாலும் 75 முதல் 150 மைக்ரானுக்குள் நிற்கும். மேலே இன்னொரு முறை அடித்திருந்தால் 200 முதல் 350 வரும். 500-ஐத் தாண்டினால் கீழே ஏதோ இருக்கிறது. ஆயிரத்தைத் தாண்டினால் பட்டி என்று பொதுவாக முடிவு கட்டலாம்.

கூரையும் குவார்ட்டர் பேனலும் சேரும் இடத்தில் மட்டும் அப்படி முடிவு கட்டக் கூடாது. அந்த இணைப்பை ஆலையிலேயே ஈயம் ஊற்றி நிரப்பித் தேய்த்தார்கள். ஈயத்தில் காந்தம் ஒட்டாது, மீட்டருக்கும் ஈயம், பட்டி வித்தியாசம் தெரியாது. ஒரிஜினல் வண்டியிலும் அங்கே ஆயிரக்கணக்கில்தான் காட்டும்.

பிரித்துப் பார்க்கும் வழி: இடது தூணில் மேலிருந்து கீழாக 2 சென்டிமீட்டருக்கு ஒரு அளவு எடுத்து எழுதுங்கள். வலது தூணிலும் அதே உயரங்களில் எடுங்கள். ஆலை ஈயம் என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், குறுகிய ஒரு பட்டையாக எகிறி, கீழே வந்ததும் சட்டென்று 150-க்குள் இறங்கிவிடும். பட்டி என்றால் ஒரு பக்கம் மட்டும் எகிறும், அல்லது கீழே சக்கர வளைவு வரை இழுத்துக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தும் அந்தப் பட்டை கூரை இணைப்புக்கு ஒரு சாண் கீழே விழுந்தால், இரண்டு பக்கமும் ஸ்கின் (பேனலின் மேல்தோல் மட்டும்) வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வினைல் கூரை போட்ட வண்டியில் இணைப்பு மறைந்திருக்கும். அங்கே வினைலை அழுத்தினால் கொப்புளமோ நொறுங்கும் சத்தமோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். துரு அடியில் வேலை செய்துகொண்டிருக்கும்.

அறிகுறி: குவார்ட்டர் பேனல் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் நம்ப முடியவில்லை

பின் சக்கரத்தைச் சுற்றியும் அதன் பின்னாலும் துருப் பிடிக்காத 1969 கமாரோ அபூர்வம். சுத்தமாக இருந்தால் மூன்றில் ஒன்று: கம்பெனி தகடு, மேல்தோலை மட்டும் மாற்றிய ஸ்கின், கூரை இணைப்பு வரை முழுசாக மாற்றிய பேனல்.

கதவைத் திறந்து, பூட்டு கொக்கி இருக்கும் தூணுக்கு எதிரே உட்காருங்கள். குவார்ட்டர் பேனலின் முன் ஓரம் மடங்கி அந்தத் தூணின் மேல் படிந்திருக்கும். அந்த மடிப்பில் மேலிருந்து கீழாக வட்டக் குழிகள் வரிசையாகத் தெரிய வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 6 மில்லிமீட்டர் அகலம், நகத்தால் தடவினால் லேசாக இறங்கி ஏறும். ஆலையில் இரண்டு செம்பு முனைகள் தகடுகளை இருபுறமும் அழுத்திப் பிடித்து மின்சாரம் பாய்ச்சும். உள்ளே உலோகம் உருகி ஒட்டும், வெளியிலிருந்து எந்தக் கம்பியும் சேராது. அதனால் இரண்டு முகத்திலும் குழிதான் விழும், மேடு விழாது. அந்த வெல்டிங் கன்னைக் கையால் பிடித்து வைத்ததால் இடைவெளி ஒரே சீராக இருக்காது. ஒன்று 3 சென்டிமீட்டரில், அடுத்தது 5-இல், ஓரிடத்தில் இரண்டு புள்ளி ஒன்றோடொன்று ஏறிக்கூட இருக்கும்.

பட்டறையில் மாற்றும்போது பின்பக்கம் கை நுழையாது. புதுத் தகட்டில் 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, கம்பியை உருக்கி ஒட்டும் மிக் வெல்டிங்கால் அந்த ஓட்டையை நிரப்பிக் கிரைண்டரில் தேய்ப்பார்கள். அது குழியாக இல்லாமல் தட்டையாகவோ லேசான மேடாகவோ இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பெயின்டுக்கு அடியில் கிரைண்டர் கீறல்கள் வட்டமாகத் தெரியும். புள்ளியே இல்லாமல் மழமழவென்று இருந்தாலும் அதே கதைதான், மேலே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்.

நல்ல பட்டறைகள் இப்போது உண்மையான ஸ்பாட் வெல்டர் வைத்திருக்கின்றன. பட்டியின் மேல் வட்ட அச்சு வைத்துப் போலிக் குழி போடுபவர்களும் உண்டு. புள்ளிகள் ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி சம இடைவெளியில் இருந்தால் அதுவே போதுமான சந்தேகம். அந்தக் குழியின் மேல் மீட்டரை வையுங்கள், 400 மைக்ரானுக்கு மேல் காட்டும் குழி ஆலைக் குழி கிடையாது.

அடுத்து டிக்கி. மூடியைத் திறந்து, ரப்பர் பீடிங்குக்கு வெளியே ஓடும் தண்ணீர் வாய்க்காலைப் பாருங்கள். குவார்ட்டர் பேனலின் மேல் ஓரம் அதில் வந்து வெல்டாகிறது. அங்கேயும் அதே குழிகள் வேண்டும். அதன் மேல் சீலர் இருக்கும். ஆலை சீலர் பிரஷ்ஷாலோ விரலாலோ இழுத்தது, அழகே இருக்காது, வண்டி நிறம் அதன் மேலேயே அடித்திருக்கும். ஐம்பது வருஷத்தில் கல்லாகி வெடித்திருக்கும். நகம் வைத்தால் ரப்பர் மாதிரி உள்ளே போனால் அது புது யூரித்தேன் சீலர்.

கடைசியாக உள்பக்கம். டிக்கியின் பக்கவாட்டு அட்டையைத் தள்ளி, குவார்ட்டர் பேனலின் உள்முகத்தில் கேமராவை ஓட்டுங்கள். நடுவில் எங்காவது ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகடு ஏறி நீளமாகக் கோடு போகிறதா? அதுதான் ஸ்கின் வெட்டி ஒட்டிய இடம். கம்பெனி பேனலில் கூரை இணைப்பு வரை உள்முகம் ஒரே தகடு. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே வெல்டிங் சொட்டுகள் தொங்கிக்கொண்டிருக்கும். அங்கே போய்த் தேய்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

அறிகுறி: மறைவான இடங்களில் பளபளப்பான கறுப்பு

கேமராவில் ராக்கர் உள்ளே, குவார்ட்டர் உள்ளே, டிக்கித் தரையின் அடியில் ஒரே சீரான கறுப்புப் பூச்சு தெரிந்தால் அது இ-கோட், அதாவது மின்சாரம் பாய்ச்சிப் படியவைக்கும் பிரைமர். இன்று வரும் மாற்றுத் தகடுகள் துருப் பிடிக்காமல் இருக்க அதில் முக்கி எடுத்தே அனுப்பப்படுகின்றன. 1969 ஆலைத் தகட்டின் மறைவுப் பக்கம் அப்படி இருக்காது. பிரைமர் திட்டுத்திட்டாக, பழுப்பேறிய வெறும் உலோகம், அங்கங்கே வண்டி நிறத்தின் தூறல் என்றுதான் இருக்கும். பின்னால் யாராவது துருக் காப்புத் திரவம் அடித்திருந்தால் அது மெழுகு மாதிரி வழிந்திருக்கும், துணியால் துடைத்தால் வந்துவிடும். இ-கோட் வராது.

தகட்டின் தடிமன் பற்றி ஒரு வார்த்தை. ஒரிஜினல் வெளித்தகடு சுமார் 0.9 மில்லிமீட்டர், அதாவது 20 கேஜ். மலிவான மாற்றுத் தகடுகள் சில 22 கேஜ், சுமார் 0.76. விரல் முட்டியால் தட்டிச் சத்தம் வைத்துச் சொல்பவர்கள் உண்டு. நல்ல மாற்றுத் தகடும் 20 கேஜ்தான் என்பதால் சத்தத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: போல்ட் தலைகளின் நிறம் ஒத்துப்போகவில்லை

கமாரோவின் பாடியைக் கட்டிப் பெயின்ட் அடித்தது ஜெனரல் மோட்டார்ஸின் பாடி கட்டும் பிரிவான ஃபிஷர் பாடி. கதவும் டிக்கி மூடியும் மாட்டிய நிலையிலேயே பெயின்ட் ஏறியது. முன் ஃபெண்டரும் பானெட்டும் செவ்ரலே பக்கத்தில் தனியாகப் பெயின்ட் ஆகி, பிறகு போல்ட் முடுக்கப்பட்டவை. இதை மனதில் வைத்தால் கணக்கு எளிது.

கதவுக் கீல் போல்ட்டுகளும் டிக்கிக் கீல் போல்ட்டுகளும் வண்டி நிறத்தில், பெயின்ட் உடையாமல் இருக்க வேண்டும். மூலைகளில் ஸ்பேனர் கடித்து நிறம் உரிந்திருந்தால் கதவு ஒருமுறையாவது கழன்றிருக்கிறது. ஃபெண்டர் போல்ட்டுகளும் பானெட் கீல் போல்ட்டுகளும் அதற்கு நேர்மாறு. அவை பெயின்ட் இல்லாமல் கறுப்பு பாஸ்பேட் பூச்சோடு இருக்க வேண்டும். ஃபெண்டர் போல்ட் வண்டி நிறத்தில் இருந்தால் முன்பக்கத்தைக் கழற்றாமலே முழு வண்டிக்கும் மறுபெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

இதே காரணத்தால் ஃபெண்டருக்கும் கதவுக்கும் நிறத்தில் நூலளவு வித்தியாசம் ஆலையிலிருந்தே வந்திருக்கலாம். அதை மட்டும் வைத்து ஃபெண்டர் மாற்றியது என்று சொல்லிவிட முடியாது.

அறிகுறி: ஃபெண்டரில் சின்னம் சரி, ஆனால் பின்னால் ஓட்டைகள் சரியில்லை

ஃபெண்டரின் உள்பக்கம் டார்ச் அடித்து, சின்னம் பொருந்திய இடத்தைப் பாருங்கள். டீலர்களுக்கு உதிரியாகப் போன ஜெனரல் மோட்டார்ஸ் ஃபெண்டர்கள் பொதுவாகச் சின்ன ஓட்டை இல்லாமலேயே போயின. மாட்டும் இடத்தில் துளையிட்டார்கள். அதனால் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும் கைத்துளை என்றால், தகடு கம்பெனியுடையதாக இருந்தாலும் இந்த வண்டியோடு பிறந்தது கிடையாது. அடைத்த பழைய ஓட்டைகள் தெரிந்தால் விஷயம் இன்னும் சுவாரசியமானது: சாதாரண கமாரோ ஒன்று இஸட்/28 ஆகவோ எஸ்எஸ் ஆகவோ (கமாரோவின் வேகமான, விலை கூடிய ரகங்கள்) வேஷம் மாறியிருக்கலாம். 1969-இல் உண்மையான இஸட்/28 வெறும் 20,302 தான்.

பானெட்டையும் இங்கேயே முடித்துவிடலாம். 1969 இஸட்/28-க்கு வந்தது தட்டையான சாதாரண பானெட், அல்லது இஸட்எல்2 என்ற, பின்பக்கம் காற்று இழுக்கும் மேடுள்ள பானெட். எஸ்எஸ்ஸின் அலங்காரத் துவார வரிசை கொண்ட பானெட் இஸட்/28-இல் இருந்தால் அது அந்த வண்டியுடையது கிடையாது. தட்டையான பானெட்டும் டிக்கி மூடியும் 1968 அச்சிலேயே 1969-க்கும் வந்தவை. 1968 வண்டியிலிருந்து கழற்றி மாட்டியிருந்தால் தகட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஃபோர்டு, கிறைஸ்லர் வண்டிகளில் பல தகடுகளில் தேதி முத்திரை இருப்பதால் அங்கே பிடித்துவிடலாம். கமாரோவில் அந்த வசதி இல்லை.

அறிகுறி: கதவு ஓரம் தடியாக, அலை அலையாக இருக்கிறது

கதவின் வெளித்தோல் உள்சட்டத்தின் மேல் மடித்து அழுத்தப்பட்டிருக்கும். ஆலை மடிப்பு பிரஸ்ஸில் ஒரே அழுத்தில் விழுந்தது, தட்டையாக ஓடும். தோல் மாற்றியதில் சுத்தியல் தடம் தெரியும். கதவின் கீழ் ஓரத்தில் விரலை முன்னிருந்து பின்னுக்கு இழுத்தாலே தெரிந்துவிடும்.

கதவு இடைவெளி பற்றி நிறையப் பேர் தலைகீழாக நினைக்கிறார்கள். நார்வுட் ஆலை அவசரமாக ஓடிய ஆலை. சுமார் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாறுவது சகஜம். சுற்றிலும் நூல் பிடித்த மாதிரி ஒரே இடைவெளி இருந்தால் யாரோ பல நாள் உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார்கள். கெட்டது என்று சொல்லவில்லை. "கை படாத வண்டி" என்று விற்றால் மட்டும் நம்பாதீர்கள்.

அறிகுறி: ஃபயர்வாலில் ஒட்டுத் தகடு

ஏசி வந்த வண்டிக்கும் ஹீட்டர் மட்டும் வந்த வண்டிக்கும் ஃபயர்வாலில் பயணி பக்கத்துத் திறப்பு வேறு. ஏசிக்குப் பெரியது. இஸட்/28-க்கு அந்த வருஷம் ஏசி கிடையாது. ஆகவே இஸட்/28 என்று சொல்லும் வண்டியில் பெரிய திறப்பை அடைத்து வெல்டு செய்த தடம் இருந்தால், மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. இன்ஜின் பக்கம் தேய்த்து மறைத்திருப்பார்கள், காருக்குள்ளே கிளவ் பாக்ஸைக் கழற்றிப் பின்னால் பாருங்கள்.

அறிகுறி: கௌல் டேக் சொல்வதும் வண்டி சொல்வதும் வேறு

இன்ஜின் அறையில் ஃபயர்வாலின் டிரைவர் பக்கத்தில் ரிவெட் அடித்த சின்னத் தகடு இது. மாடல், ஆலை, உள்அலங்காரம், பெயின்ட் எண், பாடி கட்டிய வாரம் எல்லாம் இதில். 72 என்றால் ஹக்கர் ஆரஞ்சு, 71 லெமான்ஸ் நீலம், 10 டக்ஸிடோ கறுப்பு. தேதி 04பி என்றால் ஏப்ரல் இரண்டாம் வாரம்.

இரண்டு இடத்தில் போலி மாட்டும். முதலாவது, எக்ஸ் எண்கள், அதாவது வண்டி எந்த ரகம் என்று காட்ட டேக்கில் எக்ஸ் எழுத்தோடு அடித்த எண்கள். எக்ஸ்33, எக்ஸ்77 என்றால் இஸட்/28 என்று எல்லோருக்கும் தெரியும், போலி செய்பவனுக்கும் தெரியும். ஆனால் அந்த எண்களை அடித்தது நார்வுட் மட்டும், அதுவும் 1968 டிசம்பர் முதல். வேன் நைஸ் டேக்கில் எக்ஸ் எண் இருந்தால் டேக் பொய்.

இரண்டாவது, மாதம். 1969 மாடல் 1968 ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி 1969 நவம்பர் வரை ஓடியது. அதனால் 08, 09, 10, 11 மாதங்கள் இரண்டு முறை வரும். எந்த வருஷம் என்று டேக் சொல்லாது, வின் எண்ணின் (வண்டியின் அடையாள எண்) கடைசி ஆறு இலக்கம்தான் சொல்லும். தொடர் 500001-இல் தொடங்கியது. நார்வுட் வண்டியில் 5-இல் ஆரம்பித்து அடுத்த இலக்கமும் சிறியதாக இருந்தால் 1968 இறுதி. 7-இல் ஆரம்பித்தால் ஓட்டத்தின் கடைசி. சின்னத் தொடர் எண், 10 என்ற மாதம், கூடவே எக்ஸ்33 என்று மூன்றும் சேர்ந்திருந்தால் அது நடக்க முடியாத வண்டி.

ரிவெட்டைச் சுற்றிக் கீறல், டேக்கின் ஓரத்தில் பெயின்ட் படி, டேக் மட்டும் வெள்ளி மாதிரிப் பளபளப்பு, இவையும் கழன்று மாட்டியதற்கு அடையாளம்.

அறிகுறி: எல்லாம் சரி, எண் மட்டும் உறுத்துகிறது

வின் எண் டேஷ்போர்டின் இடது மேல் ஓரத்தில், முன் கண்ணாடி வழியாகத் தெரியும். 124379 என்று தொடங்கினால் 1 செவ்ரலே, 24 வி8 கமாரோ, 37 கூப்பே, 9 வருஷம். அடுத்த எழுத்து என் என்றால் நார்வுட், எல் என்றால் வேன் நைஸ். கன்வர்ட்டிபிளுக்கு 37-க்குப் பதில் 67, ஆறு சிலிண்டருக்கு 24-க்குப் பதில் 23. இஸட்/28-ஐ இந்த எண் தனியாகச் சொல்லாது. ஆனால் 23 என்று இருந்தால் அது இஸட்/28 ஆகவே முடியாது. தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் தலை பூ மாதிரி ஆறு இதழோடு இருக்க வேண்டும். வட்டத் தலை பாப் ரிவெட் இருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

பூ ரிவெட்டும் விலைக்குக் கிடைப்பதால் அதோடு நிற்க வேண்டாம். மறைவு எண்ணைப் பாருங்கள். வைப்பர் கைகளைக் கழற்றி, ஸ்க்ரூக்களை எடுத்து, கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் கௌல் கிரில்லைத் தூக்குங்கள். பதினைந்து நிமிஷ வேலை. உள்ளே கௌல் தகட்டில் 1, 9, ஆலை எழுத்து, ஆறு இலக்கத் தொடர் எண் என்ற வரிசையில் நேரடியாகத் தகட்டிலேயே அடித்திருக்கும். இன்னொன்று ஃபயர்வாலில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது, அதற்குப் பெட்டியைக் கழற்ற வேண்டும். முதல் எண் பொருந்தி, அதைச் சுற்றி வெல்டிங் தடமும் இல்லை என்றால் இரண்டாவதை விட்டுவிடலாம்.

எண்ணைச் சுற்றி ஒரு சதுரமாகக் கிரைண்டர் தடமும் வெல்டிங் கோடும் இருந்தால் அந்தத் துண்டு வேறு வண்டியிலிருந்து வெட்டி வந்தது. எண்ணே இல்லை, கௌல் புத்தம் புதிது, அடியில் இ-கோட் கறுப்பு என்றால் எதிரே நிற்பது பழைய வின் தகடு மாட்டிய புது பாடியாக இருக்கலாம். துரு தின்ற கௌலை மட்டும் மாற்றியவர்களும் உண்டு என்பதால், வெட்டியெடுத்த பழைய துண்டையும் வேலையின்போது எடுத்த படங்களையும் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். வின் எண்ணை அகற்றுவதும் திருத்துவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், திருட்டு வண்டி என்று தெரியவந்தால் போலீஸ் எடுத்துப்போவது கடைசியாக வாங்கியவரின் வாசலிலிருந்துதான்.

கிரில்லைத் திருப்பி மாட்டும்போது, இலைக்குப்பை அடைத்த தண்ணீர் வடிகாலைத் தோண்டிவிட்டு மாட்டுங்கள். அந்தக் கௌல் துருப் பிடிப்பதே அதனால்தான்.